லெபனான் மாதிரி மதத்துக்கு ஒரு பதவின்னு எழுதி வச்சுட்டா சண்டையே வராதா?

மதுரைல யுபிஎஸ்சிக்கு படிச்சுட்டு இருக்க ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. லெபனான்ல ஜனாதிபதி கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம்னு பிரிச்சு வச்சிருக்காங்களே, இப்படி ஆளுக்கு ஒரு பங்கு எழுதி வச்சுட்டா யாரும் யாரு தலைலயும் ஏற முடியாதுல்ல, நம்ம நாட்டுல ஏன் இதை செய்யலன்னு கேக்குறாரு.

தம்பி, நடக்குற சண்டையை நிறுத்துறதுக்கு அந்த ஏற்பாடு உதவும். நின்னதுக்கு அப்புறம் தெருவுல குப்பை அள்ளுறதுக்குக்கூட உதவாது. இது என் முடிவு. நான் தோஹால ஒரு கட்டுமான கம்பெனில பல வருஷம் இருந்தேன், எங்க டிராயிங் செக்‌ஷன்ல பாதி பேரு லெபனான்காரங்க, அவங்களோட உக்காந்து சாப்ட்டு சாப்ட்டுதான் எனக்கு இந்த விஷயத்துல ஆர்வம் வந்துச்சு, அப்புறம் தேடித்தேடி படிச்சேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒண்ணு, அந்த மூணு பெரிய பதவிப் பங்கு எழுதி வச்சதே கிடையாது. 1943ல பிரெஞ்சுக்காரன் கிட்ட இருந்து சுதந்திரம் வாங்குற நேரத்துல பிஷாரா அல் கூரின்னு மரோனைட் கிறிஸ்தவத் தலைவர், ரியாத் அல் சோல்ஹ்னு சன்னி தலைவர், ரெண்டு பேரும் வாய்வார்த்தையா பேசி முடிச்சது. தேசிய ஒப்பந்தம்னு பேரு. கிறிஸ்தவங்க பிரான்ஸ் பாதுகாப்பு வேணும்னு கேக்கக்கூடாது, முஸ்லிம்கள் சிரியாவோட சேரணும்னு கேக்கக்கூடாது, பதவிய இப்படி பிரிச்சுக்கலாம், பார்லிமெண்ட்ல 6 கிறிஸ்தவருக்கு 5 முஸ்லிம். இந்த ஆறுக்கு அஞ்சுங்கிற கணக்கை எவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னா, அந்தக் காலத்துல சபையோட மொத்த சீட்டு எப்பவும் 11ஆல வகுபடுற மாதிரியே இருக்கும், 55, 44, 77, 66, 99 இப்படி. வேணும்னா வகுத்துப் பாருங்க.

அந்த 6:5 எங்க இருந்து வந்துச்சு? 1932ல எடுத்த சென்சஸ். அதுல கிறிஸ்தவங்க பாதிக்குக் கொஞ்சம் மேல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அங்க முறையா ஒரு சென்சஸ் எடுக்கல தம்பி, தொண்ணூறு வருஷம் தாண்டிருச்சு! தாத்தா காலத்து பாகப்பிரிவினை பத்திரத்தை வச்சுக்கிட்டு பேரன்மாரு நிலத்தை அளக்கவே விடாம உக்காந்திருக்க கதைதான், அளந்தா யாருக்கு குறையும்னு எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்தவங்க நெறைய பேரு வெளிநாடு போய்ட்டாங்க, ஷியா குடும்பங்கள் பெருகிருச்சு, ஆனா தாள்ல எதுவும் மாறக்கூடாது. இதோட எஃபெக்ட் எங்கெங்கயோ போய் நிக்குது. பாலஸ்தீன அகதிகளுக்கு குடியுரிமை தர மாட்டாங்க, ஏன்னா அதுல பெரும்பாலானவங்க சன்னி, கணக்கு சாஞ்சுரும். லெபனான் பொண்ணு வெளிநாட்டுக்காரனை கட்டிக்கிட்டா பிள்ளைக்கு குடியுரிமை கிடையாது, அதுக்கு சொல்ற காரணத்துலயும் இந்த பேலன்ஸ் வந்துரும். ஒரு தாயோட உரிமை சென்சஸ் கணக்குல மாட்டிக்கிட்டு நிக்குது.

அடுத்து, இது மேல உக்காந்திருக்க மூணு பேரு விவகாரம் மட்டும்னு நினைச்சுறாதீங்க. அங்க அரசாங்கம் ஏத்துக்கிட்ட சமயப் பிரிவு 18. பொறக்கும்போதே சிவில் ரெஜிஸ்டர்ல எந்தப் பிரிவுன்னு எழுதிருவாங்க. கல்யாணம், விவாகரத்து, பிள்ளை யாரு கிட்ட வளரணும், இதெல்லாம் அந்தந்தப் பிரிவோட சட்டம், அந்தந்தப் பிரிவோட கோர்ட், மொத்தம் 15 குடும்பச் சட்டம் இருக்கு. நம்ம ஊர்ல இருக்க மாதிரி மதம் பாக்காத ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு அங்க சட்டமே இல்ல. வேற வேற மதத்துப் பையனும் பொண்ணும் சிவில் கல்யாணம் பண்ணிக்கணும்னா விமானம் ஏறி சைப்ரஸ் மாதிரி வெளிநாடு போய் பண்ணிட்டு வரணும், அங்க பண்ணதை மட்டும் இங்க பதிஞ்சுக்குவாங்க. ஓட்டும் நீங்க குடியிருக்க இடத்துல கிடையாது, உங்க பரம்பரை எந்த ஊர்ல பதிஞ்சிருக்கோ அங்கதான் போய் போடணும், பெய்ரூட்லயே பொறந்து வளர்ந்திருந்தாலும் சரி. பொண்ணுங்களுக்கு கல்யாணம் ஆனா புருஷன் ஊருக்கு பதிவு மாறிரும்.

எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு லெபனான்காரர் வந்து சேந்தா, பழைய ஆளுங்க கேக்குற மொதல் கேள்வி எந்த ஊரு, ரெண்டாவது குடும்பப் பேரு என்ன. அவ்ளோதான், அதுக்கு மேல கேக்க மாட்டாங்க, கேக்கவும் தேவையில்ல. மேலூர்ப் பக்கத்துக்காரன் எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதே இல்ல, நம்ம பக்கம் கல்யாண வீட்ல "தம்பிக்கு எந்த ஊரு, அங்க எந்தத் தெரு, யாரு மகன்"னு அன்பா விசாரிக்கிறது எதுக்குன்னு நமக்குத் தெரியாதா என்ன. ஆனா அங்க அந்தக் கேள்விக்குப் பின்னாடி 1975 இருக்கு. அந்த வருஷம் ஏப்ரல் 13 உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சுச்சு, டிசம்பர் 6ஆம் தேதி ரோட்டுல தடுப்பு போட்டு, அடையாள அட்டைல மதம் என்னன்னு பாத்து இறக்கி இறக்கி கொன்னாய்ங்க. பதவி பிரிக்கிறதுக்காக எழுதி வச்ச அதே மதம்தான் அட்டைலயும் இருந்துச்சு. 2009ல வந்த ஒரு உத்தரவுக்கு அப்புறம் ரெஜிஸ்டர்ல இருந்து மதத்தை எடுத்துரலாம்னு ஆச்சு.

15 வருஷப் போர், ஒன்றரை லட்சம் பேரு செத்ததா பொதுவா சொல்றாங்க. 1989 அக்டோபர்ல சவுதில தாயிஃப்ங்கிற ஊர்ல எம்.பிக்களை உக்கார வச்சு ஒப்பந்தம் போட்டாங்க. 6:5 போய் 50:50 ஆச்சு. ஜனாதிபதி கைல இருந்த அதிகாரம் மந்திரிசபைக்கு போச்சு. இப்ப சபைல 128 சீட், 64 கிறிஸ்தவர் 64 முஸ்லிம், அதுக்குள்ளயும் பாத்தீங்கன்னா மரோனைட் 34, சன்னி 27, ஷியா 27, முஸ்லிம் பக்கக் கணக்குலயே வர்ற சின்னப் பிரிவுகளான ட்ரூஸ் 8, அலவி 2, அர்மீனியன் கத்தோலிக்கருக்கு ஒண்ணு, புராட்டஸ்டண்டுக்கு ஒண்ணுன்னு பொட்டலம் கட்டி வச்சிருக்கு. 1991ல பொது மன்னிப்பு சட்டம் போட்டு, துப்பாக்கி தூக்குன கூட்டத்தோட தலைவருங்க பல பேரு கோட்டு போட்டு மந்திரி ஆய்ட்டாங்க. நபீஹ் பெர்ரி, ஷியாக்களோட அமல் இயக்கத் தலைவர், 1992ல சபாநாயகர் நாற்காலில உக்காந்தவர், முப்பது வருஷம் தாண்டியும் அவர்தான் சபாநாயகர்.

சரி, இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். பாடப்புத்தகத்துல யாருக்கு எத்தனை சீட்டுன்னு மட்டும் போட்டுட்டு விட்டுருவாங்க. அந்த சீட்டுக்கு யாரு ஓட்டுப் போடுறாங்கன்னு கேளுங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. லெபனான்ல மரோனைட் சீட்டுக்கு மரோனைட் மட்டும் ஓட்டுப் போடுறதில்ல. ஒரு தொகுதில அஞ்சு சீட்டு இருந்தா, ரெண்டு ஷியாவுக்கு ஒண்ணு சன்னிக்கு ரெண்டு மரோனைட்டுக்குன்னு ஒதுக்கியிருந்தா, அந்தத் தொகுதில இருக்க எல்லா மதத்துக்காரனும் 2017 வரைக்கும் அஞ்சு சீட்டுக்கும் சேத்து ஓட்டுப் போடுவான். நினைப்பு நல்ல நினைப்புதான், எல்லாரு ஓட்டும் வேணும்னா எவனும் வெறி பேச மாட்டான், நடுவுல நிக்கிறவன் ஜெயிப்பான்னு. ஆனா நடந்தது என்னன்னா, தொகுதில எந்தப் பிரிவு அதிகமோ அந்தப் பிரிவோட பெரிய தலைவரு லிஸ்ட் போடுவாரு, சின்னப் பிரிவோட சீட்டுக்கு தனக்கு ஆட்டம் காட்டாத ஒரு ஆளைப் பாத்து சேத்துக்குவாரு, அந்த ஆளு ஜெயிச்சு அந்தப் பிரிவோட பிரதிநிதின்னு போய் உக்காருவாரு, அந்தப் பிரிவுக்காரங்க பாதி பேரு அவருக்கு ஓட்டே போட்டிருக்க மாட்டாங்க. இதைத்தான் கிறிஸ்தவக் கட்சிகள் ரொம்ப நாளா பொருமிக்கிட்டு இருந்துச்சு, 2017ல விகிதாசார முறையும் (லிஸ்டுக்கு விழுற ஓட்டோட பங்குக்கு ஏத்த சீட்டு), அந்த லிஸ்டுல ஒருத்தருக்கு மட்டும் போடுற விருப்ப ஓட்டும் கொண்டு வந்ததுக்கு இந்தப் பொருமலும் ஒரு காரணம்.

இதைப் புரிஞ்சுக்க பெய்ரூட் வரைக்கும் போக வேண்டாம், உசிலம்பட்டிப் பக்கம் போனாப் போதும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996ல தலித்துகளுக்கு ஒதுக்குன பஞ்சாயத்து, ஓட்டு ஊரு மொத்தத்துக்கும் பொது. பத்து வருஷம் தேர்தல நடத்தவே விடல, மனு போட விட மாட்டாய்ங்க, இல்லன்னா தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி ஜெயிக்க வச்சு மறுநாளே ராஜினாமா எழுதி வாங்கிருவாய்ங்க. 2006 அக்டோபர்லதான் ஒழுங்கா நடந்துச்சு. மேலவளவுல ஜெயிச்சு பதவில உக்காந்த முருகேசனை 1997 ஜூன் 30 பஸ்ஸை மறிச்சு கொன்னாய்ங்க, கூட வந்தவங்களையும் சேத்து. சீட்டு தாள்ல இருந்துச்சு, சாவி வேற தெருவுல இருந்துச்சு. அம்பேத்கர் 1932ல தனித்தொகுதி முறையத்தான் கேட்டாரு, இன்னைக்கு நாம தனித்தொகுதின்னு சொல்ற ரிசர்வ் தொகுதி இல்ல, ஒடுக்கப்பட்டவங்க சீட்டுக்கு அவங்க மட்டும் ஓட்டுப் போடணும்னு. காந்தி உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 24 புனே ஒப்பந்தம் வந்துச்சு, 71 சீட்டு 148 ஆச்சு, ஆனா ஓட்டு பொதுவாயிருச்சு. மொதல்ல அவங்களே நாலு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவாங்க, அப்புறம் அந்த நாலுல ஒருத்தரை எல்லாரும் தேர்ந்தெடுப்பாங்கன்னு ஒரு இடைவழி வச்சிருந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் அதுவும் போச்சு. என்னைக் கேட்டா அந்த நாலு பேரு ஏற்பாடு மோசமில்ல, இன்னைக்கு அதைப் பத்தி பேசுறதுக்கு ஆளே இல்லங்கிறது எனக்கு வருத்தம்.

அப்போ தனித்தொகுதி வச்சுட்டா சரியாயிருமான்னு கேப்பீங்க. ஆகாது. அதுல வேற மாதிரி ஆபத்து இருக்கு, தன் ஆளுங்க ஓட்டு மட்டும் போதும்ங்கிறவனுக்கு தன் கூட்டத்துக்குள்ள யாரு அதிகமா கத்துறாங்கிற போட்டிதான் மிஞ்சும். நம்ம நாட்டுல 1909ல முஸ்லிம்களுக்கு தனித்தொகுதி வந்து 1947ல எங்க போய் நின்னுச்சுன்னு தெரியும். தனித்தொகுதிதான் பிரிவினைக்குக் காரணம்னு ஒரே அடியா சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா அரசியல் நிர்ணய சபைல உக்காந்திருந்தவங்க மனசுல அதுதான் ஓடிச்சு. 1947 ஆகஸ்ட் கடைசில நம்ம மெட்ராஸ் மாகாணத்துல இருந்து போன போக்கர் சாகிப் தனித்தொகுதி தொடரணும்னு திருத்தம் கொண்டு வந்தாரு, படேல் கடுமையா எதிர்த்தாரு, தோத்துருச்சு. 1949 மே மாசம் மதச் சிறுபான்மைக்கு சீட் ஒதுக்கீடும் வேணாம்னு முடிவாச்சு. சபைல இருந்த முஸ்லிம் உறுப்பினர் பேகம் ஐசாஸ் ரசூல் ஒதுக்கீடே எங்களைப் பெரும்பான்மை கிட்ட இருந்து நிரந்தரமா பிரிச்சுரும்னு வாதாடினாங்க, காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் கடைசி வரைக்கும் விடாம கேட்டுட்டு இருந்தாரு. அதே காயிதே மில்லத் பின்னாடி மஞ்சேரில பொதுத் தொகுதில நின்னு மூணு தடவை எம்.பி ஆனாரு. அதை வச்சு இவர் பயந்தது வீண்னு சொல்றதுக்கும் இல்ல, 2011 சென்சஸ்ல முஸ்லிம்கள் 14 சதவீதத்துக்கு மேல, 2024 மக்களவைல 543ல 24 பேரு. நாம பங்கு எழுதாததுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலைய யாரு குடுக்குறாங்கன்னு இந்த எண்ணுல தெரியுது.

வேலைக்கு பங்கு போட்ட அனுபவம் நமக்கும் இருக்கு, அதை மறந்துறாதீங்க, மெயின்ஸ்ல எழுதலாம். 1927ல வந்து, 1928ல முத்தையா முதலியார் மந்திரியா இருந்தப்ப மெட்ராஸ் மாகாணத்துல நடைமுறைக்கு வந்த கம்யூனல் ஜி.ஓ, அதாவது வகுப்புவாரி அரசாணை, 12 இடத்துல பிராமணரல்லாத இந்துக்கள் 5, பிராமணர் 2, முஸ்லிம் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேந்து 2, ஒடுக்கப்பட்டவங்க 1. ஆனா இது முதலமைச்சர் நாற்காலி எந்த மதத்துக்குன்னு எழுதுனதில்ல, குமாஸ்தா வேலை யாரு வீட்டுக்குள்ளயும் முடங்கிறக்கூடாதுன்னு எழுதுனது. சென்சஸ் மாறினா, கமிஷன் போட்டா, இதை மாத்தலாம், மாத்தியும் இருக்கோம், சண்டை போட்டு கோர்ட்டுக்குப் போயாவது.

லெபனான்ல அதே வேலைப் பங்கு எப்படி நாறுதுன்னு பாருங்க. அரசியல் சட்டத்துல 95ஆவது பிரிவு முதல் நிலை உயர் பதவிக்கு மட்டும்தான் பாதிக்குப் பாதின்னு சொல்லுது. நடைமுறைல கீழ வரைக்கும் எறங்கிருச்சு. வனக்காவலர் வேலைக்கு பரிட்சை எழுதி பாஸ் ஆன ஆளுங்களை, பாஸ் ஆனவங்கள்ல மதக்கணக்கு சரியா வரலன்னு சொல்லி நியமன உத்தரவுல கையெழுத்தே போடாம கிடப்புல வச்சுட்டாங்க. பாஸ் பண்ணிட்டு போஸ்டிங் வராம காத்திருக்கிறதுன்னா என்னன்னு பரிட்சைக்குப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2019 அக்டோபர்ல மலையெல்லாம் காட்டுத்தீ பிடிச்சப்ப அந்தக் காவலர்கள் வீட்டுல உக்காந்திருந்தாங்க. ஒரு வாரம்கூட ஆகல, வாட்ஸ்அப் காலுக்கு வரி போடுறோம்னு அரசாங்கம் சொல்ல, ஜனங்க எல்லா மதமும் சேந்து தெருவுக்கு வந்துட்டாங்க, எல்லாரும்னா எல்லாரும்தான், எங்க மதத்துத் தலைவனும் சேத்துதான் வீட்டுக்குப் போகணும்னு கோஷம்.

அப்புறம் வீட்டோ, அதாவது தடுத்து நிறுத்துற அதிகாரம். இதை எழுதாம லெபனான் பதில் முழுசாகாது. ஜனாதிபதிய பார்லிமெண்ட்தான் தேர்ந்தெடுக்கணும், அதுக்கு கோரம், அதாவது சபை நடக்க குறைஞ்சது வர வேண்டிய ஆளு எண்ணிக்கை, மூணுல ரெண்டு பங்கு, 86 பேரு வரணும். பிடிக்கலன்னா எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியதே இல்ல, சபைக்கு வராம வீட்ல இருந்தாப் போதும். 2014 மே மாசத்துல இருந்து 2016 அக்டோபர் வரைக்கும் ஜனாதிபதியே கிடையாது, 46வது அமர்வுலதான் மிஷேல் அவுன் தேர்வானாரு. அவர் 2022 அக்டோபர்ல இறங்கினதும் மறுபடி காலி, 2025 ஜனவரி 9 ஜோசப் அவுன் வர்ற வரைக்கும். மந்திரிசபைலயும் அப்படித்தான். 2008 மே மாசம் பெய்ரூட் தெருவுல துப்பாக்கிச் சண்டை வந்து, தலைவருங்களை எல்லாம் தோஹாவுக்குக் கூட்டிட்டு வந்து பேச வச்சாங்க, நான் அப்ப அங்கதான் இருந்தேன். எங்க கேன்டீன் டிவி முன்னாடி டிராயிங் செக்‌ஷன் மொத்தமும் நிக்குது, ஒப்பந்தம் ஆயிருச்சுன்னு செய்தி ஓடுது, எவனும் யாரு ஜனாதிபதின்னு கேக்கல, "எத்தனை மந்திரி, எத்தனை மந்திரி"ன்னுதான் கேக்குறாங்க. 30ல 11 எதிர்த்தரப்புக்குன்னு வந்துச்சு. சட்டப்படி பெரிய முடிவுக்கு மூணுல ரெண்டு பங்கு மந்திரிங்க வேணும், மூணுல ஒரு பங்குக்கு மேல ராஜினாமா பண்ணா அரசாங்கமே கவுந்துரும், 11ங்கிறது அந்தக் கோட்டைத் தாண்டுற எண்ணு. 2011 ஜனவரில இதே மாதிரி 11 மந்திரிங்க ராஜினாமா பண்ணி பிரதமர் சாத் ஹரிரி அரசாங்கத்தைக் கவுத்தாங்க.

இப்படி ஆளுக்கு ஒரு பிரேக் குடுத்த வண்டில ஸ்டீரிங் யாரு கைலயும் இல்ல. 2015ல ஒரு குப்பைக் கிடங்கை மூடினதும் வேற இடம் முடிவு பண்ண முடியாம பெய்ரூட் மாசக்கணக்கா நாறிச்சு. துறைமுகத்தை 90கள்ல இருந்து "தற்காலிகக் கமிட்டி" ஒண்ணு நடத்திக்கிட்டு இருந்துச்சு, நிரந்தர அமைப்பு எப்படி வேணும்னு முடிவே ஆகல. அந்தத் துறைமுகத்துல 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கா கிடந்து 2020 ஆகஸ்ட் 4 வெடிச்சு 200 பேருக்கு மேல செத்தாங்க. விசாரிக்க வந்த நீதிபதிய ஒவ்வொரு தரப்பும் எங்க ஆளைத் தொட்டா மதத்தைத் தொட்ட மாதிரின்னு முட்டுக்கட்டை போட்டுச்சு. பங்கு போட்ட இடத்துல குத்தம் பண்ணவனுக்கும் ஒரு சமூகம் கேடயமா நிக்குது, எனக்கு இதுதான் ஆகப்பெரிய கேடுன்னு படுது.

போஸ்னியாவையும் ஒரு வரில சொல்லிறேன், 1995 டேட்டன் ஒப்பந்தப்படி போஸ்னியாக், குரோட், செர்ப்னு மூணு இனத்துக்கு ஆளுக்கு ஒருத்தரா மூணு பேரு சேந்து ஜனாதிபதி, அப்போ யூதரும் ரோமா இனத்தவரும் நிக்கவே முடியாதான்னு ஃபின்சி, செய்டிச் ரெண்டு பேரு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போய் 2009ல ஜெயிச்சாங்க, பத்து வருஷம் தாண்டியும் சட்டம் மாறல.

இதெல்லாம் படிச்சுட்டு, அப்போ பங்கே வேணாம், யாருக்கு ஓட்டு அதிகமோ அவன் ஆளட்டும்னு முடிவுக்கு வந்துறாதீங்க. அது எப்படி முடியும்னு பாக்க ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பாத்தாப் போதும். இலங்கைத் தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், இலங்கை அரசியல் சட்டத்தை ஆராய பிரிட்டிஷ்காரன் அனுப்புன சோல்பரி கமிஷன் கிட்ட ஐம்பதுக்கு ஐம்பது கேட்டாரு, சிங்களவருக்கு பாதி, மத்த எல்லாருக்கும் சேத்து பாதி, நிராகரிச்சாங்க. 1948ல மலையகத் தமிழர் குடியுரிமை போச்சு, 1956ல சிங்களம் மட்டும் சட்டம், மீதிய நான் எழுதணுமா. பொன்னம்பலம் கேட்டது நியாயமான கணக்கான்னு இன்னைக்கும் வாதாடலாம், ஆனா உறுதியான காப்பு இல்லாம விட்டதுக்கு என்ன ஆச்சுன்னு வாதாட ஒண்ணுமில்ல.

லெபனான் தாயிஃப் ஒப்பந்தத்துலயே ஒரு நல்ல யோசனை இருக்கு, யாரும் அதைப் பத்தி எழுதுறதில்ல. அதை அரசியல் சட்டத்தோட 22ஆவது பிரிவுலயும் சேத்தாங்க. பார்லிமெண்டை மதக்கணக்கு இல்லாம தேர்ந்தெடுத்துரணும், அதோட சேத்து ஒரு செனட் வைக்கணும், எல்லா சமயக் குடும்பங்களும் அதுல உக்காரும், ஆனா அதுக்கு அதிகாரம் நாட்டோட தலையாய விஷயங்கள்ல மட்டும். அதாவது ரோடு, கரண்டு, குப்பை எல்லாம் சாதாரண சபை பாத்துக்கும், ஒரு சமூகத்தோட அடிமடில கை வைக்கிற விஷயம் வந்தா மட்டும் செனட் தடுக்கும். நீங்க பங்கு கேக்குறீங்கன்னா இந்த மாதிரி பங்கு கேளுங்க, அதுக்கு நானும் கை தூக்குறேன். 95ஆவது பிரிவுல மதக்கணக்கை படிப்படியா ஒழிக்க ஒரு தேசியக் கமிட்டி போடணும்னும் எழுதியிருக்கு. செனட்டும் வரல, மதக்கணக்கும் ஒழியல. கிறிஸ்தவத் தலைவருங்க எண்ணிக்கை பயத்துல மதக்கணக்கை எடுக்க விட மாட்டாங்க, முஸ்லிம் தலைவருங்க அரசியல்ல மதக்கணக்கு வேணாம்னு மேடைல பேசுவாங்க, ஆனா சிவில் கல்யாணச் சட்டம்னு யாராச்சும் வாயெடுத்தா இமாமும் பிஷப்பும் ஒரே நாள்ல அறிக்கை விடுவாங்க. மாத்தணும்னா ஓட்டுப் போட வேண்டியது அதே 128 பேரு, ஒவ்வொருத்தரும் தன் மதத்தோட கோட்டாவுல ஜெயிச்சு வந்தவங்க.